கடனைக் கருணையாக்கும் வித்தை

வங்கிப் பேரேட்டில் கொடுக்கவேண்டியது வேறு, மனமுவந்து கொடுப்பது வேறு. கொடுக்கவேண்டிய பணத்தை நன்கொடைத் தலைப்பில் நான் எழுதினால் மறுநாளே என் மேசையில் மெமோ இருக்கும். மோசடி என்பார்கள். சரிதான், மோசடிதான். கவுண்டருக்குப் பின்னால் பதினோரு வருஷம் உட்கார்ந்து நான் உருப்படியாகக் கற்றது இந்த ஒன்றைத்தான்: கடனைக் கேட்கிறவன் நிமிர்ந்து நின்று கேட்கலாம், தர்மம் வாங்குகிறவன் குனிந்துதான் வாங்கவேண்டும்.

முதலாவதை இரண்டாவதாக மாற்றி எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இருக்கிறார். அவருக்கு மெமோ கிடையாது, ஃபீஸ் உண்டு. கம்பெனிக்காக நட்டஈட்டு வழக்குகளை எதிர்த்து நடத்தும் வக்கீல்.

தோழர்களே, அரிவாளைப் பற்றி எழுதியிருக்கிறோம். இரட்டைக் குவளை, சுடுகாட்டுப் பாதை, காக்கிச் சட்டை எல்லாவற்றைப் பற்றியும் எழுதிக் கிழித்திருக்கிறோம். எல்லாம் முடிந்தபிறகு ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறவரைப் பற்றித்தான் எழுதவில்லை. அவர் நம்மை அடிப்பதில்லை, சாதி கேட்பதில்லை, கெட்ட வார்த்தை பேசுவதில்லை. 'மனுதாரரின் நோய்க்கும் எதிர்மனுதாரரின் தொழிலுக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை' என்று ஒரே ஒரு வரி எழுதுவார். அந்த வரிக்குள் ஒரு தெருவே காணாமல் போகும்.

முன்வாசலை அடைத்த பிறகு

1985 டிசம்பரில் தில்லியில் ஸ்ரீராம் தொழிற்சாலையில் ஓலியம் வாயு கசிந்தது. அந்த வழக்கில் 1986 டிசம்பர் 20 அன்று உச்சநீதிமன்றம் ஒரு காரியம் செய்தது. ஆபத்தான தொழில் நடத்துகிறவன் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும், கேடு நேர்ந்தால் பொறுப்பு முழுக்க அவனுடையதே என்றது. கம்பெனி எவ்வளவு பெரிதோ அந்த அளவுக்கு நட்டஈடும் பெரிதாக இருக்கவேண்டும் என்றது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சட்டம் முதலாளிக்குக் கொடுத்திருந்த விதிவிலக்குகள் இங்கே செல்லாது என்றும் சொன்னது.

ஆக, 'நாங்கள் ஜாக்கிரதையாகத்தான் இருந்தோம்' என்ற முன்வாசல் அடைபட்டது. நம்மாளுங்க பலரும் அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். கம்பெனி வக்கீல் அப்படி நினைக்கவில்லை. வீட்டுக்கு ஒரு வாசல்தானா? எந்த அளவு, எதனால், எந்த ஊர், எந்த ஆள் என்று நாலு புழக்கடைகளைத் திறந்துகொண்டார். நாலும் நம் ஊர்ப் பக்கம்தான் திறக்கின்றன.

எந்த அளவு?

திண்டுக்கல்லைப் பூட்டுக்கும் பிரியாணிக்கும் தெரியும் உலகத்துக்கு. இங்கே இன்னொரு வாசனையும் உண்டு. தோல் ஷாப்பு. குடகனாற்றுப் படுகையில், ஊரைச் சுற்றி ஏறத்தாழ 80 தோல் ஷாப்புகள். சுண்ணாம்புக் குழியில் இறங்கி மயிர் நீக்குகிறவன், கொழுப்புச் சதை வழிக்கிறவன், குரோம் போட்ட டிரம்மில் இருந்து நீலத்தோலை இழுத்துப் போடுகிறவன் யார் என்று இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. செத்த மாட்டின் தோலை யார் தலையில் சாதி கட்டியதோ அவன் தலையில்தான் ஏற்றுமதி வியாபாரமும் கட்டியது.

1991இல் வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று உச்சநீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழ் என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கும் இருக்கிறது. நம்ம ஊரும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் பக்கத்து 13 கிராமங்களில் குடிக்கவும் பாய்ச்சவும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின. பொம்பளைகளும் பிள்ளைகளும் குடிதண்ணிக்கு மைல் கணக்கில் நடந்தார்கள்.

இதற்குத் தோல் ஷாப்புத் தரப்பு வக்கீல்கள் என்ன சொன்னார்கள்? 'தண்ணீர் கெடவில்லை' என்று சொல்லவில்லை. கெட்டதைப் பார்த்த கண்கள் ஏராளம். 'கழிவுநீரில் கரைந்த உப்புக்கு வாரியம் வைத்திருக்கும் அளவு நியாயமில்லை' என்றார்கள். அளவுகோலைப் பிடித்துக்கொண்டார்கள். அதை ஆராய நீரி நிறுவனத்துக்கு அனுப்பவேண்டி வந்தது. நிறுவனம் அளவு சரியே என்றது. இப்படித்தான் நாள் போகும். கிணறு கசக்கிறதா என்று கேட்டால் எத்தனை மில்லிகிராம் கசக்கிறது என்று திருப்பிக் கேட்பது முதல் புழக்கடை.

தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். கெடுத்தவனே கட்டவேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பு. ஐந்து மாவட்டத் தோல் ஷாப்புகளுக்கும் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டது. அந்த மாவட்டங்களின் அன்றைய பெயர்களைப் பாருங்கள்: வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, செங்கை எம்.ஜி.ஆர்., திருச்சி. பெயர்ப் பலகையில் அம்பேத்கர், பலகைக்குக் கீழே ஓடியது குரோமியம். 1997இல் பலகையைக் கழற்றிவிட்டார்கள். தண்ணீரை அவ்வளவு சுலபமாகக் கழற்ற முடியவில்லை.

நல்ல தீர்ப்பிலும் நமக்கு ஒரு கேள்வி உண்டு. இழந்தேன் என்று சொல்ல என்ன காகிதம் வேண்டும்? நிலம் கெட்டவனிடம் பட்டா இருக்கிறது. கிணற்றுக்கு சர்வே நம்பர் இருக்கிறது. அந்த நிலத்தில் களையெடுத்து, கதிரறுத்துக் கூலி வாங்கியவளிடம் என்ன இருக்கிறது? நிலம் செத்த அன்றைக்கே அவள் கூலியும் செத்தது. செத்ததற்குச் சான்றிதழ் எந்தத் தாலுகா ஆபீசில் கொடுக்கிறார்கள்? சுண்ணாம்புக் குழிக்குள் நின்றவனின் தோலைப் பற்றியும் அந்த வழக்கு பேசவில்லை. அதன் விஷயம் நிலமும் நீரும். மாட்டுத்தோல் ஏற்றுமதியானது, மண் வழக்கானது, மனுசத்தோல் நடுவில் விடுபட்டது.

எதனால்?

மலைக்குப் போவோம். அதுவும் நம்ம மாவட்டம்தானே. கொடைக்கானலில் வெப்பமானி செய்த தொழிற்சாலை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்து பாண்ட்ஸ் கம்பெனி 1980களில் பெயர்த்துக் கொண்டுவந்தது. பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. உடைந்த கண்ணாடி பாதரசத்தோடு பழைய இரும்புக் கடைக்குப் போனது அம்பலமாகி, 2001 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. பாதரசம் கலந்த கழிவு ஏறத்தாழ 290 டன் 2003இல் மூட்டை கட்டப்பட்டு அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. கண்ணாடித் தூளுக்குக் கப்பல் டிக்கெட் கிடைத்தது. வேலை செய்த உடம்புகளுக்குக் கிடைக்கவில்லை. அவை இங்கேயே கிடந்தன, நடுங்கும் கையோடும் பழுதான சிறுநீரகத்தோடும்.

2006இல் முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். இங்கே திறந்தது இரண்டாவது புழக்கடை. பாதரசம் ஆலையில் இருந்தது, ஒப்புக்கொள்கிறோம். இவருக்குச் சிறுநீரகம் போனது, வருந்துகிறோம். ஆனால் இதனால்தான் அது என்பதற்கு என்ன ஆதாரம்?

இந்தக் கேள்வியின் தந்திரம் உடற்கூறு தெரிந்தால்தான் புரியும். மூச்சு வழி உள்ளே போன பாதரசம் ரத்தத்திலும் மூத்திரத்திலும் வருஷக்கணக்கில் தங்காது. வேலையை விட்டு சில மாதங்களில் அளவு இறங்கிவிடும். அது செய்த சேதம் இறங்காது. ஆலை மூடி ஐந்து, ஆறு வருஷம் கழித்து ரத்தம் எடுத்துச் சோதித்தால் என்ன வரும்? 'சாதாரண அளவு' என்று வரும். திருடன் போனபிறகு வீட்டைச் சோதித்துவிட்டுத் திருட்டே நடக்கவில்லை என்று எழுதுகிற மாதிரி.

2007இல் நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, தொடர்பைக் காட்டப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. கம்பெனி அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 2011இல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கையோ, தொழிலாளர்கள் மட்டுமல்ல, அவர்கள் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டதற்கு முகாந்திரம் இருக்கிறது என்றது. ஆளுக்கொரு காகிதம். வக்கீலுக்கு உண்மை ஜெயிக்கவேண்டும் என்ற அவசியமே கிடையாது. சந்தேகம் உயிரோடு இருந்தால் போதும். சந்தேகத்துக்கு வயசாவதில்லை, தொழிலாளிக்கு வயசாகும்.

பத்து வருஷம். 2016 மார்ச்சில் சமரசம் என்று அறிவித்தார்கள். 591 முன்னாள் தொழிலாளர்களுக்குப் பணம். எவ்வளவு என்று வெளியே சொல்லவில்லை. அதற்கு வைத்த பெயர்தான் முக்கியம். நட்டஈடு என்று எழுதவில்லை. கருணைத் தொகை. மனிதாபிமான அடிப்படையில். அந்த 591 பேர் வாங்கியதை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். பதினைந்து வருஷம் கூட்டம் போட்டு, கோர்ட் வாசலில் நின்று அவர்கள் பிடுங்கிய பணம் அது. ஒரு பெரும் கம்பெனியை மேசைக்கு இழுத்துவந்த பணம். நான் குறை சொல்வது அந்தத் தலைப்பை. பணத்தைக் கொடுத்த கை, பணத்தின் பெயரைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அது சும்மா சொல் அல்ல. 'நட்டஈடு' என்று எழுதினால் நாளைக்கு அடுத்தவன் அதைக் காட்டிக் கேட்பான். 'கருணை' என்று எழுதினால் அடுத்தவன் மறுபடி முதலில் இருந்து கும்பிட்டு ஆரம்பிக்கவேண்டும்.

எந்த ஊர்?

மூன்றாவது புழக்கடைக்கு உலகத்திலேயே பெரிய உதாரணம் போபால். 1984 டிசம்பர் 2, 3 இரவு. யூனியன் கார்பைடு அமெரிக்கக் கம்பெனி. வழக்கு நியூயார்க்கில் வந்தது. கம்பெனி வாதாடியது: இந்திய நீதிமன்றங்கள் மிகத் திறமையானவை, வழக்கை அங்கேதான் நடத்தவேண்டும். நம் நாட்டின் பேர்பெற்ற சட்டமேதை நானி பல்கிவாலாவே கம்பெனிக்காக அப்படிப் பிரமாணப் பத்திரம் கொடுத்தார். தேசபக்தி எங்கெல்லாம் பயன்படுகிறது பாருங்கள்! 1986 மே மாதம் நீதிபதி கீனன் ஒத்துக்கொண்டார். வழக்கை அமெரிக்காவிலேயே வைத்துக்கொண்டால் அது இன்னொரு ஏகாதிபத்தியச் செயலாகிவிடும் என்று எழுதினார். ஏகாதிபத்தியத்தைக் கண்டித்தே ஒரு அமெரிக்கக் கம்பெனியை அமெரிக்க ஜூரியிடம் இருந்து காப்பாற்றினார்கள்.

வழக்கு இங்கே வந்தது. இங்கே வந்ததும், யாரோ ஒரு தொழிலாளி வேண்டுமென்றே செய்த நாசவேலை என்றது கம்பெனி. குற்றவாளி தேடிப் போனால் கடைசியில் கூலிக்காரன்தான் கிடைப்பான், இல்லையா? இந்திய அரசு கேட்டது 300 கோடி டாலருக்கு மேல். 1989 பிப்ரவரி 14 அன்று முடிந்தது 47 கோடி டாலரில். காயம்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு முதல் சுற்றில் கையில் வந்தது தலைக்கு 25,000 ரூபாய். கூடுதல் இழப்பீடு கேட்ட கடைசி மனுவும் 2023 மார்ச் 14 அன்று தள்ளுபடி ஆனது.

கம்பெனிக்காக இந்தியாவில் வாதாடிய ஃபாலி நாரிமன், எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த வழக்கை எடுத்திருக்கமாட்டேன் என்ற பொருளில் பல ஆண்டு கழித்துச் சொன்னார். சொன்னதற்காக அவரை மதிக்கலாம். ஆனால் வக்கீலின் வருத்தம் தீர்ப்பைத் திருத்தாது. வாங்கிய ஃபீசுக்கு ரசீது உண்டு, வருத்தத்துக்கு ரசீது கிடையாது.

'எந்த ஊர்' என்பது அமெரிக்கா வரை போகவேண்டிய விஷயம்கூட இல்லை. மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறக்கும்வரை, வேடசந்தூர்க்காரனோ நிலக்கோட்டைக்காரனோ ஒரு ரிட் போடவேண்டுமானால் ராத்திரி ரயிலேறிச் சென்னை போகவேண்டும். எதிர்த்தரப்பு ஒரு வாய்தா வாங்கினால் அவனுக்கு அது ஒரு பக்கக் காகிதம், இவனுக்கு இரண்டு நாள் கூலியும் ரயில் சார்ஜும்.

எந்த ஆள்?

நாலாவது வாசல்தான் இன்றைக்கு எப்போதும் திறந்தே கிடப்பது. 'அவர் எங்கள் ஆள் இல்லை, காண்டிராக்டர் ஆள்.' 2015 சனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் இறங்கியது. 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் சாகிறவர்களுக்கு 10 லட்சம் என்று 2014 மார்ச் 27 அன்று உச்சநீதிமன்றம் சொல்லி, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. ஆனால் ஒவ்வொரு சாவிலும் முதலில் கேட்கிற குரல் எது? 'அவரை நாங்கள் இறங்கச் சொல்லவில்லை. அவராகத்தான் இறங்கினார்.' எவனய்யா தானாக மலக்குழியில் இறங்குவான்?

என் சித்தப்பா ஒருவர், இப்போது இல்லை. 19 வருஷம் ஒரே தோல் ஷாப்பில் நின்றவர். ஷாப்புப் பெயர் இங்கே வேண்டாம். விரல் இடுக்குகளில் குத்தூசி வைத்துத் துளைத்த மாதிரி வட்டவட்டமாக ஆறாத புண். குரோமியத்தால் வரும் நோயும் பாதரசத்தால் வரும் நோயும் 1923 தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இருக்கின்றன. அந்த வேலையில் தொடர்ச்சியாக ஆறு மாசம் இருந்தவனுக்கு அந்த நோய் வந்தால், வேலையால்தான் வந்தது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிக்கவேண்டியது முதலாளியின் பாடு. என்ன அழகான சட்டம்! சித்தப்பாவுக்காகக் கேட்கப் போனபோது ஷாப்பு வக்கீல் ஒரு பதிவேட்டு நகலை மேசையில் வைத்தார். பத்தொன்பது வருஷத்தில் சித்தப்பா தொடர்ச்சியாக ஆறு மாசம் எங்கேயுமே இல்லை. ஐந்து மாசம் அவர் பெயர், பிறகு ஒரு இடைவெளி, பிறகு அண்ணன் பெயர், பிறகு மறுபடி அவர். ஆள் மாறவில்லை, கை மாறவில்லை, புண் மாறவில்லை. பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. அந்த வக்கீலுக்குச் சித்தப்பாவின் மேல் கோபமே கிடையாது. 'உட்காருங்க பெரியவரே' என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு முத்திரைத்தாளை நகர்த்தினார். 'கருணை அடிப்படையில்', 'பூரண சம்மதத்துடன்', 'இனி எக்காலத்திலும் எவ்வித உரிமையும் கோரமாட்டேன்.' 25,000 ரூபாய். போபாலின் அதே தொகை. திண்டுக்கல் பூட்டுக்காவது சாவி உண்டு. அந்தத் தாளில் போட்ட பூட்டுக்குச் சாவியே செய்யவில்லை.

எவ்வளவு?

சாதி எங்கே வந்தது, இது வர்க்கப் பிரச்சினை அல்லவா என்று கேட்கும் தோழர்கள் கொஞ்சம் காகிதமும் பென்சிலும் எடுங்கள். இது என் தொழில்.

வேலையில் செத்தவனுக்கான நட்டஈடு என்பது மாசக் கூலியில் பாதி, பெருக்கல் வயசுக்கான எண். 40 வயசுக்கு அந்த எண் 184.17. கூலி எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுக்கிற உச்சவரம்பை 2020இல் 15,000 ஆக்கினார்கள். 15,000 கூலிக்காரன் செத்தால் 13,81,275 ரூபாய். கையில் 12,000 கொடுத்து வவுச்சரில் 6,000 எழுதினால்? 5,52,510. வவுச்சரில் ஒரு கோடு, ஐந்தரை லட்சத்துக்கு மேல் மிச்சம். அந்த 1923 சட்டத்தை 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு விழுங்கிக்கொண்டது. பாதிக் கூலிப் பெருக்கல் அப்படியே இருக்கிறது.

இந்தச் சூத்திரத்தில் சாதி என்ற சொல் எங்கேயாவது வருகிறதா? வராது. வரத் தேவையுமில்லை. யார் சுண்ணாம்புக் குழியில் நிற்பது, யார் மேஜையில் உட்கார்வது என்று சாதி முன்பே முடிவு செய்துவிட்டது. அந்த முடிவு கூலியாகிறது. கூலி உயிரின் விலையாகிறது. உயிருள்ளபோது குறைத்துக் கொடுத்தான், அதனால் செத்தபிறகும் குறைத்துக் கொடுக்கச் சட்டமே கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. மனுவுக்கு சுலோகம் தேவைப்பட்டது, இவர்களுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு போதும்.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி, 44 உயிர்கள். 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தபோது என்ன யோசித்தது? இவ்வளவு நிலபுலனும் காரும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்றது. 'உலகத்தரம் வாய்ந்த பொறுப்புள்ள நிறுவனம்' என்று இன்றைய எதிர்மனுக்களில் வருகிற முதல் வரி அந்தப் பெரிய மனிதரின் பேரன்தான்.

மறுப்புகள்

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, 'வக்கீல் தன் தொழிலைச் செய்கிறார். யாருக்கும் வாதாட ஆள் வேண்டும் அல்லவா?' வேண்டும். வருகிற வழக்கை வக்கீல் ஏற்கவேண்டும் என்றுதான் பார் கவுன்சில் விதியும் சொல்கிறது. சிறப்பான காரணம் இருந்தால் மறுக்கலாம் என்றும் அதே விதிதான் சொல்கிறது. தூக்குக்கயிற்றுக்கு முன் நிற்கும் தனி மனிதனுக்கு எதிரே ஒரு அரசே நிற்கிறது. அவனுக்கு வக்கீல் கட்டாயம் வேண்டும், அவன் நமக்கு எதிரியாக இருந்தாலும். ஆனால் கம்பெனி எந்தக் கயிற்றுக்கு முன் நிற்கிறது? அதற்கு ஜெயிலும் கிடையாது, சிறுநீரகமும் கிடையாது. அதன் பயம் ஒன்றே ஒன்று: லாபத்தில் கொஞ்சம் குறையும். தப்பான கணக்கை எதிர்த்து வாதாடட்டும், பொய் மனுவை உடைக்கட்டும், யார் தடுத்தது? ஆறு மாசத்தை ஐந்தாக வெட்டிய பதிவேடு என்று தெரிந்தே அதை மேசையில் வைப்பது வாதம் ஆகாது. அது ஆலையின் இன்னொரு எந்திரம். உள்ளே தோலை உரிக்கிறது, வெளியே உரிமையை உரிக்கிறது.

இரண்டாவது மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வருகிறது, அதனால் அதற்கு மரியாதையாகப் பதில் சொல்லவேண்டும். 'தோழர், எத்தனை நாளைக்குத்தான் நம்ம பிள்ளைங்க இலவச வழக்காடிக்கிட்டே திரியறது? நம்ம பையன் ஒருத்தன் பெரிய கம்பெனியோட வக்கீலா ஏசி ரூம்ல உட்காரட்டுமே. அதுவும் அதிகாரம்தானே?' சட்டக்கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் என்னிடமே கேட்டார். அந்தப் பிள்ளை அந்தச் சம்பளத்தை வாங்குவதை நான் பழிக்கமாட்டேன். நான் வேலை பார்க்கும் வங்கியும் வக்கீல் வைத்திருக்கிறது, ஆடு வாங்கக் கடன் வாங்கிய பெண்ணுக்கு நோட்டீஸ் அனுப்புகிறது. பெருங்கடன்காரன் தராமல் போனதற்கோ 'தீர்வு' என்று அழகாகப் பெயர் வைக்கிறது. கை சுத்தம் என்று சொல்லிக்கொண்டு யாரும் இங்கே சம்பளம் வாங்கவில்லை.

ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது தம்பி. நாற்காலியில் யார் உட்கார்கிறார் என்பது பாதிக் கேள்விதான். மீதிப் பாதி, அந்த நாற்காலி என்ன வேலை செய்கிறது என்பது. சித்தப்பாவுக்கு முன்னால் அந்தத் தாளை நகர்த்துகிற கை நம்ம பையனுடைய கையாக இருந்தால் புண் சீக்கிரம் ஆறுமா? அண்ணலும் பாரிஸ்டர்தான். படித்த சட்டத்தை அவர் எந்தப் பக்கம் திருப்பினார் என்பதுதான் அவரை அம்பேத்கர் ஆக்கியது. நம்ம ஊரிலேயே டி. செல்வராஜ் வக்கீலாக இருந்தார். தோல் ஷாப்புத் தொழிலாளரின் கதையை 'தோல்' என்ற நாவலாக்கி 2012இல் சாகித்திய அகாதெமி வாங்கினார். அவர் அணிந்ததும் அதே கறுப்பு கவுன்தான்.

வாசலை அடைக்கிற வேலை

புழக்கடைகளை அடைக்க முடியாதா? முடியும் என்று இந்தச் சமவெளிப் பெண்களே காட்டியிருக்கிறார்கள். 2021 சனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். வழக்கமாக என்ன நடக்கும்? வெளிநாட்டு பிராண்டு 'அது சப்ளையரின் விஷயம்' என்று சொல்லிவிடும். நாலாவது வாசல். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அந்த வாசலிலேயே போய் உட்கார்ந்தது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் எச் அண்டு எம் நிறுவனமும் கையெழுத்துப் போட்டன. 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று உலகம் முழுக்கப் பெயர். பாலியல் வன்முறையும் துன்புறுத்தலும் நடந்தால் சங்கம் கேள்வி கேட்கலாம். கேட்டவளைப் பழிவாங்க முடியாது. ஆலை மீறினால் பிராண்டு நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும், சட்டப்படி கட்டுப்பட்ட கடமை அது. அந்த ஒப்பந்தம் யாருடைய இரக்கத்தையும் நம்பி எழுதப்படவில்லை. 'எங்கள் ஆள் இல்லை' என்று சொல்ல முடியாதபடி, பிரச்சினை வருவதற்கு முன்னாலேயே கையெழுத்து வாங்கினார்கள். அதுதான் விஷயம். வக்கீல் வருவது பின்னால். நாம் முன்னால் போகவேண்டும்.

மாணவத் தோழர்களுக்குப் பெரிய வேலை எதுவும் சொல்லவில்லை, சின்ன வேலைகள் சொல்கிறேன். தோல் ஷாப்பும் நூல் மில்லும் இருக்கிற ஒவ்வொரு தெருவிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். யார், எந்தத் தேதியிலிருந்து, எந்த வேலை, கையில் எவ்வளவு கூலி, யார் கொடுத்தது. வாரம் ஒருமுறை எழுதுங்கள், கையெழுத்து வாங்குங்கள். அவன் பதிவேடு ஐந்து மாசம் என்று சொல்லும்போது நம் நோட்டு பத்தொன்பது வருஷம் என்று சொல்லட்டும். நோய் வந்த அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, என்ன வேலை என்பதை ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆலை மூடி ஆறு வருஷம் கழித்து ரத்தம் எடுத்துப் பயனில்லை. முத்திரைத்தாள் வந்தால் படித்துக் காட்டாமல் ஒரு கைநாட்டும் விழக்கூடாது. பணத்தை வாங்கவேண்டி வந்தால் வாங்குங்கள், பசி நியாயமானது. ஆனால் 'கருணை' என்ற சொல்லை அடித்துவிட்டு 'நட்டஈடு' என்று எழுதினால்தான் கையெழுத்து என்று ஒருமுறையாவது சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு சொல்லை மாற்ற அவர்கள் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்பது அன்றைக்குத் தெரியும்.

நம்மிடம் அவர்களுக்குக் கடன் இருக்கிறது. 350 கிணற்றுக் கடன், 591 உடம்புக் கடன், குழிக்குள் நின்ற கால்களின் கடன். கருணையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பாக்கியைக் கொண்டு வரச் சொல்லுங்கள்.